வைரஸ் எதிர் மருந்துகள் தொழிற்படுமாறு

காய்ச்சலென்று வந்த ஒருவர்க்கு ஊசியும் இடாது, வலிய மாத்திரையும் எழுதாது, "நீர் மிகப் பருகி ஓய்ந்திருங்கள்" என்று மட்டும் மருத்துவர் கூறி விடுப்பாராயின், அந்நோயாளியும் உடன் வந்த உறவினரும் மனங்குறைந்து செவிலியரிடம் ஒரு வினா வினவுதல் வழக்கம். "ஆன்டிபயாட்டிக் ஏன் எழுதவில்லை?" என்பதே அது. செவிலியர் பயிற்சி பெறும் சகோதரிகள் இவ்வினாவின் விடையை ஆங்கிலப் பாடநூலிற் படித்தறிவர். ஆயின் வினவுவோர் தமிழில் வினவுவர். விடையும் தமிழிலேயே வேண்டும். அவ்விடையைத் தமிழாற் கூறவியலுமா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் பயிலும் நாம் மருத்துவம் பேசப் புகுந்தமைக்கு இதுவே காரணம் என்க.

முதற்கண் சொல்லைப் பற்றி ஒரு சொல். வைரஸ் என்பது இலத்தீன் மொழியில் நஞ்சு என்று பொருள்படும். அதற்கு 'நச்சுயிரி' என்றும் 'தீநுண்மி' என்றும் தமிழாக்கங்கள் வழங்குகின்றன. வைரஸ் உயிருடையதோ அன்றோ என்பது அறிஞரிடையே இன்னும் முடிவுறாத வழக்காதலின், 'உயிரி' என்று அறுதியிட்டுரைக்கும் முன்னதினும், நுண்மையை மட்டுங் குறிக்கும் பின்னதே நமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. எனினும் நோயாளி அறிந்த சொல் வைரஸ் என்பதே. ஆதலின் ஈண்டு அதனையே ஆள்வோம்.

வைரஸின் சிறுமை எண்ணுதற்கரியது. ஒரு மில்லிமீட்டரைப் பத்திலட்சங் கூறிட்டால் ஒரு கூறு நானோமீட்டர் எனப்படும். இளம்பிள்ளை வாதத்தை விளைக்கும் வைரஸ் ஏறத்தாழ 30 நானோமீட்டர் அளவினது; பெரியம்மை வைரஸ் மிகப் பெரியவற்றுள் ஒன்றாயினும் 300 நானோமீட்டர் அளவே உள்ளது. பாக்டீரியா என்னும் கிருமியோ ஆயிரம் நானோமீட்டரையுங் கடந்து நிற்கும். ஆயினும் இவ்விரண்டின் வேற்றுமை அளவினால் மட்டும் அமைவதன்று. பாக்டீரியா தானே உண்டு, தானே வளர்ந்து, தானே இரண்டாகப் பிரிந்து பெருகும் முழுமையான ஓருயிரணு. வைரஸுக்கு அவ்வாற்றல் யாதுமில்லை. ஓர் உவமையாற் கூறுவோம். பாக்டீரியா தனக்கென அச்சுக்கூடம் உடைய பதிப்பாளரை ஒக்கும். வைரஸோ அச்சுக்கூடமும் தாளும் மையும் இல்லாத வெறுங் கையெழுத்துப் படி. அது பிறர் அச்சுக்கூடத்துட் புகுந்து, அங்குள்ள பொறிகளையும் ஆட்களையுங் கொண்டு தன்னையே ஆயிரக்கணக்கில் அச்சிடுவித்து, அப்படிகளைத் தெருவெங்கும் பரப்பிவிடுகிறது. அவ்வச்சுக்கூடமே நம் உடம்பின் உயிரணு.

இது விளங்கின் நோயாளியின் வினாவிற்கு விடையும் விளங்கும். 1928இல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்த பெனிசிலின் எதனைத் தாக்குகிறது? பாக்டீரியாவைச் சூழ்ந்துள்ள சுவரின் கட்டுமானத்தை. அத்தகைய சுவர் மனித உயிரணுவிற்கு இல்லாமையின், மருந்து பகைவனை மட்டும் வீழ்த்தி நம்மை விட்டுவிடுகிறது. வைரஸுக்கோ இடிப்பதற்குச் சுவரில்லை. நிறுத்துவதற்குத் தன் பொறிகளும் மிகச் சிலவே. அது பயன்படுத்தும் பொறிகள் பெரும்பாலும் நம்முடையன. அவற்றை நிறுத்தின் நோயாளியே வீழ்வான். ஆன்டிபயாட்டிக் மருந்துகள் வைரஸ் காய்ச்சலுக்குப் பயன்படாமையும், வைரஸுக்கெனத் தனி மருந்து காண்பதற்கு உலகம் நெடுங்காலம் காத்திருந்தமையும் இவ்வொரு காரணம் பற்றியே. டெங்குவிற்கும் தட்டம்மைக்கும் சாதாரண நீர்க்கோவைக்கும் இன்றளவும் வைரஸைக் கொல்லும் தனி மருந்து வழக்கில் இல்லை. டெங்குவில் உயிரைக் காப்பது உடலில் நீர்நிலை குன்றாது காக்கும் கவனமே. அது பெரும்பாலும் செவிலியர் கையிலுள்ளது.

வைரஸ் எதிர் மருந்தின் வரலாற்றிற் சென்னைக்கும் ஓரிடமுண்டு என்பதைப் பலர் அறியார். மெதிசசோன் என்னும் மருந்து பெரியம்மையைத் தடுக்குமா என்று அறிதற்கு, 1963இல் பாயரும் அவருடன் உழைத்தோரும் சென்னையிற் செய்த சோதனையின் முடிவு இலண்டன் மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது. பெரியம்மையுற்றாரோடு ஒரு வீட்டில் வாழ்ந்தோருள் மருந்து பெற்றவர் 1,101 பேர். அவருள் நோயுற்றவர் மூவரே. மருந்து பெறாதவர் 1,126 பேர். அவருள் நோயுற்றவர் 78 பேர். மருந்தின் செயல் நுட்பமானது. வைரஸ் தன் மரபுப் பொருளைப் படியெடுத்துக்கொள்வதை அது தடுப்பதில்லை. பின்னர் அமைய வேண்டிய புரதங்களைச் செவ்வனே அமையவிடாது செய்கிறது. கையெழுத்துப் படி பெருகும். அட்டை கட்டப் பெறாது கிடக்கும் என்னலாம். ஆயின் அம்மருந்து உண்டோர்க்கு வாந்தி மிகுதியாயிற்று. பிற்காலத்துச் சோதனைகளில் அவ்வளவு தெளிவான பயனுங் கிட்டவில்லை. பெரியம்மையை ஒழித்தது மருந்தன்று, அம்மைக் குத்தலே. இந்தியாவில் 1975ஆம் ஆண்டோடு அந்நோய் அற்றது. 1980இல் உலகெங்கும் ஒழிந்ததென்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. தடுப்பூசி உடம்பிற்கு முன்கூட்டியே போர்ப்பயிற்சி அளிப்பது. மருந்து பகைவன் உட்புகுந்த பின்னர்ப் போரிடுவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலராதலின் இதனைக் கூற நேர்ந்தது.

இனி, நாம் விரித்துரைக்க விரும்புவது அசைக்ளோவிர் என்னும் மருந்தைப் பற்றியே. பிற மருந்துகள் தொழிற்படும் வகையை அறிதற்கு இஃதொன்றை நன்கறிதல் பெருந்துணையாம்.

இதனை ஆக்கியளித்தவருள் தலைமையானவர் கெர்ட்ரூட் எலியன் அம்மையார். 1918இல் நியூயார்க் நகரிற் பிறந்தவர். பதினைந்து வயதில் தம் பாட்டனார் வயிற்றுப் புற்றுநோயால் மாய்வதைக் கண்டு, நோய்க்கு மருந்து காணும் துறையிற் புகவேண்டுமென உறுதி கொண்டார். பெண் என்பது பற்றி ஆய்வுக் கூடங்கள் பல அவரை ஏற்க மறுத்தன. 1944இல் பரோஸ் வெல்கம் என்னும் மருந்து நிறுவனத்தில் ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் என்பார்க்குத் துணையாக அமர்ந்தார். முனைவர் பட்டத்திற்கென முறையாகப் படித்து முடித்தாரல்லர். எனினும் 1988இல் நோபல் பரிசு அவரை நாடி வந்தது. அசைக்ளோவிர் தொழிற்படும் வகையை அவரும் உடனாய்ந்தோரும் 1977இல் வெளியிட்டனர்.

அம்மருந்தின் பெயரே அதன் இயல்பை விளக்கும். 'சைக்ளோ' என்பது வளையம். முன்னுள்ள அகரம் இன்மையைக் குறிக்கும். 'அநீதி', 'அசுத்தம்' என வடசொற்களில் வரும் அகரத்தோடு ஒரு குடிப்பிறந்த கிரேக்க முன்னொட்டு அது. எனவே வளையமில்லாதது என்பது பொருள். எவ்வளையம்? டி.என்.ஏ. என்னும் மரபுச் சங்கிலி நால்வகைக் கண்ணிகளாலாயது. ஒவ்வொரு கண்ணியிலும் சர்க்கரை வளையமொன்று உண்டு. அடுத்த கண்ணி வந்து மாட்டுதற்குரிய கொக்கி அவ்வளையத்தில்தான் உள்ளது. அசைக்ளோவிர் அக்கண்ணிகளுள் ஒன்றைப் போலவே தோற்றமளிப்பது; ஆயின் வளையமும் கொக்கியும் இல்லாதது. வைரஸ் தன் சங்கிலியைக் கோக்குங்கால் இப்பொய்க் கண்ணியை மெய்யென மயங்கிக் கோத்துவிடும். கோத்தவுடன் அடுத்த கண்ணி மாட்ட இடமில்லை. சங்கிலி அங்கே முடிந்து போகும்.

"நம் உயிரணுவும் டி.என்.ஏ.ச் சங்கிலி கோக்கின்றதே, அதுவும் முடிந்து போகாதோ?" என்று வினவலாம். இவ்விடத்தேதான் அம்மருந்தின் அருமை விளங்குகிறது. விழுங்கிய நிலையில் அசைக்ளோவிர் செயலற்றது. மூன்று பாஸ்பேட்டுகள் அதனோடு சேர்ந்தாலன்றி அது சங்கிலியிற் புகாது. அவற்றுள் முதலாவதைச் சேர்க்கும் நொதி ஹெர்பீஸ் இனத்து வைரஸுக்கே உரியது; நம் நொதிகள் அதனைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை. முதலாவது சேர்ந்த பின்னரே ஏனைய இரண்டையும் நம் நொதிகள் சேர்க்கும். ஆகவே வைரஸ் புகுந்த உயிரணுவில் மட்டுமே மருந்து கூர்மை பெறுகிறது. புகாத உயிரணுவில் அது வாளா கிடந்து சிறுநீரோடு கழிகிறது. கள்வன் தன் கையாலேயே தன் விலங்கைப் பூட்டிக்கொள்ளுமாறு செய்த சூழ்ச்சி இது! தருக்க நூல்களிலும் இத்துணை அழகிய உபாயத்தை நாம் கண்டதில்லை.

அசைக்ளோவிருக்கு முன்பும் ஒரு மருந்து இருந்தது. வில்லியம் புருசாஃப் ஆக்கிய இடாக்சுயூரிடின், 1963இல் கண்ணின் கருவிழியைத் தாக்கும் ஹெர்பீஸுக்கு ஏற்கப்பட்டது. அதுவும் பொய்க் கண்ணியே. ஆயின் அது வைரஸையும் நம்மையும் பிரித்தறியாது. கண்ணிற் சொட்டுதற்கன்றி உட்கொள்ளுதற்கு ஆகாததாயிற்று. இரண்டையும் ஒப்பு நோக்கின், கொல்லும் ஆற்றலினும் தேர்ந்து கொல்லும் ஆற்றலே மருந்திற்கு அணி என்பது தெளிவாம்.

இம்மருந்தினால் வரும் பயன் நம் நாட்டில் இரு நோய்களில் மிகுதி. ஒன்று அக்கி. சிறு பருவத்திற் சின்னம்மை கண்டவர் உடம்பில் அவ்வைரஸ் அற்றுப் போவதில்லை. முதுகந்தண்டை அடுத்த நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடந்து, முதுமையிலோ உடல்வலி குன்றிய காலத்திலோ விழித்து, ஒரு நரம்பின் வழியே ஒரு பக்கமாகக் கொப்புளங்களை எழுப்பும். அதுவே அக்கி. நம் ஊர்களில் வேளாரிடஞ் சென்று செங்காவியால் அக்கி எழுதுவித்தல் பழைய வழக்கம். எழுதுவதனால் ஊறில்லை, அவ்வன்புடையாரை இகழ்தலும் முறையன்று. ஆயின் மருந்தினால் முழுப்பயன் பெறக் கொப்புளந் தோன்றிய 72 மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டும். எழுதுவித்து மூன்று நாட் பொறுத்துப் பார்ப்போம் என்று இருப்போர், அக்காலத்தை இழந்துவிடுகின்றனர். பின்னர்க் கொப்புளம் ஆறியும் எரிவலி மாதக்கணக்கில் ஆறாது நின்று, ஆடை படினும் அலறும் முதியோர் உளர். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் அக்கி தோன்றின் கண்ணுக்கே இடராதலின், அன்றே கண் மருத்துவரிடம் விடுத்தல் வேண்டும். அக்கிக்கு அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் அளவில் நாளொன்றுக்கு ஐந்து வேளை கொடுக்கப்பெறும். ஐந்து வேளை ஏன் என்று கேட்பார்க்கு விடை: உண்டதில் ஐந்திலொரு பங்களவே இரத்தத்திற் சேர்கிறது, சேர்ந்ததும் ஏறத்தாழ மூன்று மணி நேரத்திற் பாதியாகக் குறைகிறது. ஆதலின் இரண்டு வேளையை ஒன்றாகச் சேர்த்து விழுங்குதல் பயன் தாராது.

மற்றொன்று மூளைக் காய்ச்சலின் ஒருவகை. ஹெர்பீஸ் வைரஸ் மூளையைத் தாக்குங்கால் காய்ச்சலோடு பிதற்றலும் வலிப்பும் நடத்தை மாற்றமும் காணும். உறவினர் இதனைப் பேய்க்கோளென்று எண்ணி வேறிடங்களிற் காலங் கழித்தலும் உண்டு. மருந்து பெறாதாருள் நூற்றுக்கு எழுபதின்மர் அளவிற்கு இறந்தனர் என்பர். 1986இல் வெளிவந்த ஒரு சோதனையில், முன்னைய மருந்தாகிய விடராபின் பெற்றாருள் நூற்றுக்கு 54 பேரும், அசைக்ளோவிர் பெற்றாருள் 28 பேரும் இறந்தனர். இக்காய்ச்சலில் மருந்தை நாளத்தின் வழியே செலுத்துவர். இங்குச் செவிலியரின் கைத்திறனே மருந்தின் திறனாகும். ஒரு மணி நேரத்திற்குக் குறையாமல் மெல்லச் செலுத்த வேண்டும். விரைந்து செலுத்தின் மருந்து சிறுநீரகத்தின் நுண்குழல்களிற் படிகமாக உறைந்து அடைத்துக்கொள்ளும். நோயாளிக்கு நீர் குறையாது பார்த்தலும், வெளிப்படும் சிறுநீரை அளந்து குறித்தலும் இதனால் வேண்டப்படுகின்றன. கரைசல் மிகுந்த காரத்தன்மை உடையதாகலின் நாளத்திற்கு வெளியே கசியின் தசை புண்ணாகும். ஊசி ஏறிய இடத்தை அடிக்கடி நோக்குக. சிறுநீரகம் நலிந்தவர்க்கு மருந்து தேங்கி, நடுக்கமும் மனக்கலக்கமும் உண்டாகலாம். நோயே அறிவைக் கலக்குவதாகலின், கலக்கம் நோயினாலாயதா மருந்தினாலாயதா என்று ஐயுற வேண்டிய இடம் இது. சங்க இலக்கியத்தில் வரும் செவிலித்தாய், தலைவியின் மேனியிலுற்ற சிறு மாற்றத்தையும் முதலிற் கண்டு கவல்பவள். தாதியர்க்கு அப்பெயரைச் சூட்டிய தமிழறிஞர் எவராயினும் அவர் நன்றே சூட்டினார்.

அசைக்ளோவிர் உறங்கும் வைரஸைத் தீண்டுவதில்லை என்பதையும் நோயாளிக்குச் சொல்ல வேண்டும். படியெடுக்குங்காலத்தன்றோ பொய்க் கண்ணி புகுவது? உறங்குவது படியெடுப்பதில்லை. ஆதலின் மீண்டும் வருதல் மருந்தின் குற்றமன்று.

இவ்வாறு சங்கிலியைத் தடுத்தல் ஒரு வழி. வைரஸின் வாழ்வில் வேறு பல படிகளும் உண்டாதலின் வேறு பல வழிகளும் உள்ளன. இன்ஃபுளுயென்சா வைரஸ் புதிய படிகளை உயிரணுவின் புறத்தே கொணர்ந்ததும், அவை அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அவ்வொட்டை அறுத்துவிடும் கத்தரி போன்ற நொதியொன்று வைரஸிடம் உண்டு. 1999இல் வழக்கிற்கு வந்த ஓசெல்டாமிவிர் அக்கத்தரியை மழுக்குகிறது. புதிய படிகள் பிறந்த இடத்திலேயே சிறைப்படுகின்றன. பரவல் முற்றிய பின்னர்க் கத்தரியை மழுக்குவதாற் பயன் சிறிதாகலின், 48 மணி நேரத்திற்குள் தொடங்குதல் நலம். கோவிட் நோய்க்குரிய நிர்மாட்ரெல்விர், வைரஸ் ஒரே நீளமாக ஆக்கும் புரதத்தை வேண்டிய துண்டுகளாக அறுக்கும் நொதியைத் தடுப்பது. அதனோடு ரிட்டோனாவிர் என்ற மற்றொன்றையுஞ் சேர்த்துக் கொடுப்பர். பின்னது கோவிட் வைரஸை ஒன்றுஞ் செய்யாது. முன்னதைக் கல்லீரல் விரைவிற் சிதைத்துவிடாதபடி காவல் நிற்பதே அதன் தொழில். அக்காவலாற் பிற மருந்துகளும் சிதையாது தேங்குமாதலின், நோயாளி வேறென்ன மாத்திரைகள் உண்கிறார் என்று விடாது கேட்டறிதல் வேண்டும்.

எய்ட்ஸ் நோயைப் பற்றிச் சிறிது விரித்துரைப்போம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலிற் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன் அம்மையார் வழிகாட்ட, மாணவியாயிருந்த நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் சோதிக்கப்பெற்றன. 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய பணியின் வழிவந்த நிறுவனம் அது. அடுத்த ஆண்டாகிய 1987இல் முதல் மருந்தாகிய ஏ.இசட்.டி. அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. அது புதிதாகச் செய்யப்பட்டதன்று. 1964இல் ஜெரோம் ஹார்விட்ஸ் புற்றுநோய்க்கென ஆக்கி, பயன்படாமையின் கைவிட்டது. அதுவும் கொக்கியற்ற பொய்க் கண்ணியே.

ஆயின் அம்மருந்தொன்றையே உண்டவர் சில காலம் தேறி மீண்டும் நலிந்தனர். ஏன்? தமிழ் மாணவர்க்கு இதனை விளக்குதல் எளிது. ஏட்டுச் சுவடியைப் படியெடுப்போர் எழுத்துப் பிழை செய்வர். அப்பிழையாற் பாடபேதங்கள் தோன்றும். எச்.ஐ.வி. படியெடுப்போருள் மிகக் கவனமற்றது. ஏறத்தாழ 9,700 எழுத்துகளுடைய தன் சுவடியை நாள்தோறும் கோடிக்கணக்கிற் படியெடுத்து, எடுத்ததைச் சரிபார்க்காமலே விட்டுவிடுகிறது. அப்பிழைகளுட் பெரும்பாலானவை வைரஸுக்கே கேடாய் முடியும். ஆனால் ஏதேனும் ஒரு பிழை, பொய்க் கண்ணியை மெய்க் கண்ணியினின்று பிரித்தறியும் திறனை அளித்துவிடும். மருந்து ஏனையவற்றை அழிக்க, அவ்வொரு பாடம் மட்டும் நிலைத்துப் பெருகும். 1996 முதல் மூன்று மருந்துகளை ஒருங்கே கொடுக்கும் முறை வந்ததும் நிலைமை மாறிற்று. மூன்றையும் வெல்லுதற்குரிய பிழைகளெல்லாம் ஒரே படியில் ஒருங்கே நேர்தல் மிக அரிது. நோயாளி சில நாள் உண்டு சில நாள் விடுவாராயின், குறைந்த மருந்தின் நடுவே வைரஸ் படியெடுக்க நேர்ந்து, வெல்லும் பாடம் தோன்ற இடமுண்டாகிறது. 'தவறாது உண்ணுங்கள்' என்னும் அறிவுரையினும், இக்காரணத்தைச் சொல்லி விளக்குதல் பயன்மிகும் என்பது நம் கருத்து.

இம்மருந்துகளின் ஆண்டு விலை ஒருகாலத்திற் பத்தாயிரம் டாலருக்கு மேற்பட்டிருந்தது. 2001இல் மும்பையின் சிப்லா நிறுவனம் 350 டாலருக்குத் தர முன்வந்தது. 2004 ஏப்ரலில் இந்திய அரசு இலவசமாக வழங்கத் தொடங்கிற்று. தாம்பரத்து அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அம்முதல் மையங்களுள் ஒன்று. கருவுற்ற தாயர்க்கும் மகவுக்கும் ஏ.இசட்.டி. கொடுத்ததனால், குழந்தைக்கு நோய் பற்றுதல் நூற்றுக்கு 25 என்பதிலிருந்து 8 ஆகக் குறைந்ததென 1994இற் காட்டப்பட்டது. இக்காலத்து மூவகை மருந்தை முறையே உண்ணுந் தாயர்க்கு அதனினும் மிகக் குறைவு. ஆயினும் எச்.ஐ.வி. நம் உயிரணுவின் சுவடியிலேயே தன் ஏட்டையும் சேர்த்துத் தைத்துவிடுவதாகலின் மருந்தை நிறுத்தலாகாது. ஹெபடைடிஸ் சி வைரஸ் அவ்வாறு தைப்பதில்லை. 2013இல் வந்த சோஃபோஸ்புவிரோடு துணை மருந்து சேர்த்துப் பெரும்பாலும் 12 வாரம் உண்போருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் முற்றும் குணமடைகின்றனர். வைரஸை உடம்பினின்று வேரோடு களைந்த மருந்து என்று சொல்லத்தக்கது இதுவே.

இறுதியாக, செவிலியரின் தம் உடம்பைப் பற்றியது ஒன்று. நோயாளிக்கு இட்ட ஊசி தம் விரலிற் குத்திவிடுமாயின், அவ்விடத்தைப் பிசையாமலும் பிதுக்காமலும் சோப்பும் ஓடும் நீருங் கொண்டு கழுவி, உடனே மேலாளர்க்கு அறிவித்தல் வேண்டும். நாணத்தாலும் கண்டிப்பிற்கு அஞ்சியும் மறைப்போர் உளர். மறைக்குந்தோறும் காலம் கழிகிறது. குத்திய இடத்து வைரஸ் உடனே உடம்பெங்கும் பரவிவிடுவதில்லை. நிணநீர் முடிச்சுகளை அடைந்து நிலைபெறச் சில நாட்கள் செல்லும். அவ்விடைவெளியிற் படியெடுத்தலை நிறுத்துவதே தடுப்பு மருந்தின் செயல். ஆதலின் அதனைச் சில மணி நேரத்திற்குள்ளும், எவ்வாற்றானும் 72 மணி நேரத்திற்குள்ளும் தொடங்கி, 28 நாள் உண்ண வேண்டும். ஹெபடைடிஸ் பி நோய்க்குரிய தடுப்பூசியைப் பயிற்சியின் தொடக்கத்திலேயே இட்டுக்கொள்க. நோயாளியின் இரத்தச் சோதனை முடிவு வரட்டும் என்று முதல் வேளை மருந்தைத் தாழ்த்துதல் கூடாது. முடிவு நோயின்மையைக் காட்டுமாயின் மருந்தை அப்பொழுது நிறுத்திக்கொள்ளலாம்.